ஆசிரியர் பயிற்சியும் எல்.எம்.எஸ்.ஸும்

எல்.எம்.எஸ். என்றதும் கல்லூரி மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான்: அசைன்மென்ட்டுக்குக் கடைசித் தேதி. இரவு 11.59-க்கு மூடிக்கொள்ளும் ஒரு கதவு. ஆசிரியர் கதவுக்கு அந்தப் பக்கம், மாணவர்கள் இந்தப் பக்கம். அவர் போடுவார், இவர்கள் எடுப்பார்கள். இவர்கள் போடுவார்கள், அவர் திருத்துவார் (திருத்துவார் என்று நம்பிக்கை).

ஆனால் சில ஆண்டுகளாக ஆசிரியர்களும் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறார்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி, அதாவது பணித்திறன் மேம்பாடு, மெல்ல மெல்ல இணையத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பி.எட். முடித்து இருபது வருடம் பாடம் நடத்தியவர்கூட லாகின் செய்து, வீடியோ பார்த்து, பத்துக் கேள்விக்கு விடை தட்டி, சான்றிதழை இறக்கிக்கொள்கிறார். தமிழில் இந்த மென்பொருளைக் 'கற்றல் மேலாண்மை அமைப்பு' என்கிறார்கள். பெயரிலேயே இருக்கிறது சிக்கல். கற்றல் ஒரு பக்கம் இழுக்கிறது, மேலாண்மை இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் இதுவரை அதிகம் ஜெயித்தது மேலாண்மைதான்.

இது ஏன் என்று புரிய, கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

கணினி வழியாகப் பாடம் நடத்துவது 1960-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்ற பொறியாளர் உருவாக்கிய 'பிளேட்டோ' என்ற அமைப்பு அது. மாணவர் திரை முன் உட்காருவார், பாடம் வரும், கேள்வி வரும், விடை சரியா தப்பா என்று சொல்லும். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1973-ல் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பையன், அமைப்பில் இருக்கும் பிழைகளைத் தெரிவிப்பதற்காக 'நோட்ஸ்' என்று ஒரு சின்ன நிரல் எழுதினான். ஒருவர் குறிப்பு எழுதினால் அதற்குக் கீழே மற்றவர் பதில் எழுதலாம். அதே ஆண்டில் 'டாக்கோமேட்டிக்' என்ற அரட்டை நிரலும் வந்தது. பாடம் படிக்கக் கொடுத்த பெட்டியில் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மனிதர்கள் அப்படித்தான், ஒரு திண்ணை கிடைத்தால் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் பின்னால் வந்த தொழில்துறை இந்தத் திண்ணையை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கணினிவழிப் பயிற்சிக்கு முதலில் பொது விதிமுறை வகுத்தவர்களில் விமானத் துறையினர் முக்கியமானவர்கள். 1988-ல் அதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். விமானியும் பழுது பார்ப்பவரும் குறிப்பிட்ட பயிற்சியை முடித்தாரா இல்லையா என்பதற்குப் பதிவு இருந்தே ஆக வேண்டிய துறை அது. அப்புறம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் 2000-ல் 'ஸ்கார்ம்' என்ற தரம் வந்தது. ஓர் இடத்தில் செய்த பாடத்தை எந்த எல்.எம்.எஸ்.ஸிலும் ஓடவைக்கலாம் என்பதுதான் அதன் பெரிய லாபம். இன்றைக்கும் பெரும்பாலான எல்.எம்.எஸ்.கள் அதைப் புரிந்துகொள்ளும்.

ஸ்கார்ம் 1.2-ல், ஒரு பாடத்தைப் பற்றி எல்.எம்.எஸ். தெரிந்துகொள்ளும் முக்கியமான செய்தி 'பாட நிலை' என்ற ஒரு சொல். அதற்கு ஆறே மதிப்புகள்தான். தேர்ச்சி, தோல்வி, முடித்தார், முடிக்கவில்லை, புரட்டிப் பார்த்தார், தொடவே இல்லை. இதோடு மதிப்பெண், எடுத்துக்கொண்ட நேரம் போன்ற சில. ஒரு ஆள், ஒரு திரை, ஒரு பாடம். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அதில் இடமே கிடையாது. விமானத்தின் அவசரக் கதவை எப்படித் திறப்பது என்று சொல்லித்தர இது போதும். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தரும் ஆசிரியருக்கு?

இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து வந்ததுதான் மூடில். மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் ரேடியோ வழியாகவே படித்தவர். பிறகு பெர்த் நகரத்தில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில், வெப்சிடி என்ற வணிக எல்.எம்.எஸ்.ஸைப் பராமரிக்கும் வேலை. அதில் திருப்தி இல்லாமல் தானே ஒன்றை எழுத ஆரம்பித்தார். 2002 ஆகஸ்டில் மூடில் 1.0 வெளிவந்தது. திறமூல மென்பொருள், காசு கிடையாது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வே இணையக் குழுக்களில் மனிதர்கள் சேர்ந்து சிந்தித்து எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றியதுதான். கற்பவர் அடுத்தவருக்காக ஒன்றைச் செய்து காட்டும்போதுதான் நன்றாகக் கற்கிறார் என்பது மூடிலின் அடிப்படைக் கொள்கை. அதனால்தான் அதில் விவாத அரங்கு, எல்லாரும் சேர்ந்து எழுதும் சொற்களஞ்சியம், ஒருவர் வேலையை ஒருவர் மதிப்பிடும் 'பட்டறை' எல்லாம் உண்டு.

அப்படிப்பட்ட மென்பொருளைக் கொண்டுவந்து வைத்தும் பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? பி.டி.எஃப். ஏற்றுகிறார்கள். ஒரு வினாடிவினா வைக்கிறார்கள். முடிந்தது கதை. (இதைப் படிக்கும் கல்லூரி நண்பர்கள் தங்கள் கல்லூரி மூடிலை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளலாம்.)

சரி, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரலாம்.

இணையம் வருவதற்கு முன்பும் பணியிடைப் பயிற்சி இருந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஒரு ஆசிரியருக்கு ஆண்டுக்கு 20 நாள் பயிற்சி என்பது கணக்கு. வட்டார வள மையத்தில் சில நாள், குறுவள மையத்தில் சில நாள். ஆசிரியர்கள் வாயில் அது பி.ஆர்.சி., சி.ஆர்.சி. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டாரத்துக்கு, வட்டாரம் ஆசிரியருக்கு. மேலே ஊற்றிய பால் கீழே வரும்போது மோராகி, கடைசிப் பள்ளிக்கூடத்துக்கு வெறும் தண்ணீராக வந்து சேரும். கருத்தாளர் கட்டகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "மதியம் குழுவேலை" என்பார். இந்தக் கேலி எல்லா ஆசிரியர் வீட்டிலும் கேட்கக்கூடியதுதான்.

ஆனால் அதில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது, அதை யாரும் கட்டகத்தில் எழுதி வைக்கவில்லை. டீ இடைவேளை. பத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே மரத்தடியில் நிற்கிறார்கள். "உங்க ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் பிள்ளைங்க கழித்தல் எப்படிப் போடுறாங்க டீச்சர்? எங்க பசங்க கடன் வாங்குறதுன்னாலே மிரள்றாங்க" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டுக் காட்டுவார். பயிற்சியில் உண்மையாகவே பயிற்சியாக இருந்தது பல நேரம் அந்தப் பத்து நிமிஷம்தான்.

செயல்வழிக் கற்றல் பரவிய கதையும் இதையேதான் சொல்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் காலத்தில் மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டைமுறைதான் அதற்கு மூலம். மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து போய் அட்டை எடுப்பதையும் ஏணிப்படியில் தங்கள் இடம் தெரிந்து உட்காருவதையும் கண்ணால் கண்டார்கள். திரும்பி வந்து, தமிழ் அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்க எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் போனபோது அதில் பல குறைகள் வந்தன, அது வேறு கதை. ஆனால் தொடக்கத்தில் ஆசிரியரை மாற்றியது சுற்றறிக்கை இல்லை. இன்னொரு ஆசிரியரின் வகுப்பறை.

இப்போது இணையக் காலம். 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தீக்‌ஷா என்ற தேசிய தளம் தொடங்கப்பட்டது. 'சன்பேர்ட்' என்ற திறமூல மென்பொருளின் மேல் கட்டியது. தமிழ்நாட்டின் 2018 புதிய பாடநூல்களில் இருந்த கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அதற்குப் பின் 2019 ஆகஸ்டில் நிஷ்டா. தொடக்கநிலை, அதாவது எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக நாடு முழுக்கச் சுமார் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்பது இலக்கு. முதலில் நேரடியாகத்தான் நடந்தது. கொரோனா வந்து பள்ளிகள் மூடியதும் 2020 அக்டோபரில் அப்படியே தீக்‌ஷாவுக்கு மாறியது. 18 கட்டகங்கள். பாடத்திட்டம், உள்ளடங்கிய கல்வி, பாலினச் சமத்துவம், கலையோடு இணைந்த கற்றல், கணக்கு கற்பித்தல், மொழி கற்பித்தல், குழந்தைகள் பாதுகாப்பு... தமிழிலும் வந்தது. கடைசியில் ஒரு வினாடிவினா. முடித்தால் சான்றிதழ்.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கீழே வரும்போது தண்ணீராகும் அந்தப் பால் பிரச்சினை ஒரே அடியில் போய்விட்டது. ஜவ்வாது மலையில் இருக்கும் ஆசிரியரும் சென்னையில் இருக்கும் ஆசிரியரும் அதே வீடியோவைப் பார்த்தார்கள். வட்டார மையத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் ஆசிரியைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். போக்சோ சட்டம் பற்றிய கட்டகம் மாதிரியான விஷயங்களுக்கு, எல்லாருக்கும் ஒரே செய்தி தப்பில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்கிற விஷயங்களுக்கு, இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்லலாம்.

பிரச்சினை மற்ற கட்டகங்களில். ஒரு ஆசிரியையைக் கற்பனை செய்து பாருங்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஆறு முதல் எட்டு வரை கணக்கு, ஆள் போதாததால் அறிவியலும் அவர் தலையில்தான். பள்ளி முடிந்து, வருகைப்பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு எல்லாம் செயலியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறார். சமையல், பாத்திரம், மாமியாருக்கு மாத்திரை. இரவு ஒன்பதரைக்குக் கைபேசியை எடுத்தால் வாட்ஸப் குழுவில் ஒரு எக்செல் தாள்: "நமது ஒன்றியத்தில் கட்டகம் 7 முடிக்காதவர்கள் பட்டியல். நாளை மாலைக்குள் 100% முடிக்க அறிவுறுத்தப்படுகிறது." பட்டியலில் பதினான்காவதாக அவர் பெயர். அதற்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் போட்ட பி.டி.எஃப்.: "கட்டகம் 7 வினா விடைகள்."

பையன் கல்லூரியில் படிக்கிறவன். "குடும்மா, நான் முடிச்சுத் தரேன்" என்று வாங்கி, வீடியோவை ஓடவிட்டு ஓரமாக வைக்கிறான். கால் மணியில் விடைகளைத் தட்டுகிறான். நூற்றுக்கு நூறு. அடுத்த நாள் ஒன்றியம் நூறு சதவீதம். மாவட்டத்தில் மூன்றாவது இடம். பாராட்டுச் செய்தி, கைதட்டும் பொம்மைகள் நாற்பது.

யாரைக் குற்றம் சொல்வது? விடைகள் இணையத்தில் அப்படித்தான் சுற்றின, ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அது சரியில்லை. அவர்களிடம் எது கேட்கப்பட்டதோ அதைத்தான் கொடுத்தார்கள். 'முடித்தாயா?' என்று அமைப்பு கேட்டது, 'முடித்தேன்' என்றார்கள். விமானத் துறையிலிருந்து நடந்து வந்த கேள்வி அது.

தானாக விரும்பிச் சேரும் இலவச இணையப் படிப்புகளில் பத்தில் ஒருவர் முடித்தாலே பெரிது என்ற கவலை ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. கட்டாயப் பயிற்சியில் ஏறக்குறைய எல்லாரும் முடிக்கிறார்கள். இரண்டு எண்களிலிருந்தும் யார் என்ன கற்றார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

இனி அதே ஆசிரியையின் வகுப்புக்குப் போகலாம். ஆறாம் வகுப்பு, பின்னங்களைக் கூட்டுதல். 1/3 + 1/4 என்று பலகையில் எழுதுகிறார். பாதி வகுப்பு 2/7 என்று எழுதிக் காட்டுகிறது. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே மூன்றும் நாலும் ஏழு. அவர் மீ.சி.ம. கண்டுபிடித்து 4/12 + 3/12 = 7/12 என்று போட்டுக் காட்டுகிறார். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். மறுவாரம் தேர்வில் மறுபடி 2/7.

கணக்கு கற்பித்தல் கட்டகத்தில் நல்ல கருத்துகள் உண்டு. கணக்கை வாழ்க்கையோடு இணைக்க வேண்டும், தவறுகளைக் கற்றலின் வாய்ப்பாகப் பார்க்க வேண்டும் என்ற வகையில். எல்லாம் சரி. ஆனால் அந்த 2/7-ஐ என்ன செய்வது?

அவருக்கு இந்த நேரத்தில் தேவை, இதே 2/7-ஐச் சந்தித்த இன்னொரு ஆசிரியர். அவர் இப்படிச் சொல்லலாம்: "மேடம், 1/3 பெரிசா 2/7 பெரிசான்னு முதல்ல கேளுங்க." 1/3 என்பது 7/21, 2/7 என்பது 6/21. ஆக, 1/3-உடன் இன்னும் கொஞ்சம் கூட்டின பிறகு விடை குறைந்துவிட்டது! ஒரு மிட்டாய்த் துண்டோடு இன்னொரு துண்டைச் சேர்த்தால் கையில் இருப்பது குறையுமா? பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். விடை தப்பு என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே பிடித்துவிடுவார்கள்.

மூன்றாவதாக ஒருவர் வந்து இன்னொன்று சொல்லலாம்: "ஆனா அந்தப் பிள்ளை சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு டீச்சர்." போன வாரம் மூன்று மேட்ச் ஆடி ஒன்றில் ஜெயித்தோம். இந்த வாரம் நாலு மேட்ச் ஆடி ஒன்றில் ஜெயித்தோம். மொத்தம் ஏழு மேட்சில் இரண்டு. 2/7! கிரிக்கெட்டில் இது சரியான கணக்குதான். அங்கே முழுமை மாறிக்கொண்டே போகிறது, மூன்று மேட்ச் ஒரு முழுமை, நாலு மேட்ச் வேறொரு முழுமை. பின்னக் கூட்டலில் இரண்டு துண்டும் ஒரே கடலை மிட்டாயிலிருந்து வந்தவை. பிள்ளை முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. வேறு கேள்விக்குச் சரியான விடை எழுதியிருக்கிறது. இது தெரிந்த பிறகு அந்த ஆசிரியை 2/7-ஐப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும், சிவப்பு மையை எடுக்கும் முன் கை கொஞ்சம் நிற்கும்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கணக்குத் தெரிந்திருப்பது ஒரு அறிவு, கற்பிக்கும் முறை தெரிந்திருப்பது ஒரு அறிவு, குறிப்பிட்ட ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே, ஏன் இடறுவார்கள் என்று தெரிந்திருப்பது தனியாக மூன்றாவது அறிவு என்றார். அந்த மூன்றாவது அறிவு பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை. நாடு முழுக்கப் பள்ளிகளில் ஆசிரியர்கள் தலைக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஓய்வு பெறும்போது அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. இதைச் சேர்த்து வைக்க ஒரு இடம் வேண்டுமென்றால், எல்.எம்.எஸ்.ஸைவிடப் பொருத்தமான கருவி என்ன இருக்கிறது? தேடலாம், படம் போடலாம், பிள்ளையின் நோட்டைப் புகைப்படம் எடுத்துப் போடலாம், ஐந்து வருடம் கழித்து வரும் புது ஆசிரியர் அதே 2/7-ஐத் தேடி எடுக்கலாம். வாட்ஸப்பில் நேற்று வந்த நல்ல யோசனையை இன்று தேடினால் குட் மார்னிங் ரோஜாக்களுக்குள் புதைந்துபோயிருக்கும்.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களிலிருந்தே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்கள். கொள்கை விளக்கம், செய்து காட்டுதல், செய்து பார்த்தல் எல்லாம் பயிற்சிக்குள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பயிற்சியில் கற்றது வகுப்பறைக்குள் நுழைய வேண்டுமென்றால், வகுப்பில் செய்து பார்க்கும்போது பக்கத்தில் ஒரு சக ஆசிரியரின் துணை வேண்டும். இன்றைய இணையப் பயிற்சிகள் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகின்றன. மூன்றாவதும் நான்காவதும் கட்டகத்துக்கு வெளியே நடக்க வேண்டியவை, அவற்றுக்கு சதவீதம் போட முடியாது.

'கருத்துகளைப் பகிருங்கள்' என்று நிஷ்டாவிலும் இடம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஒரே கேள்விக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக எழுதினால் யார் யாருக்குப் பதில் சொல்வது? தேர்த்திருவிழாக் கூட்டத்தில் நின்று வீட்டுக் கஷ்டம் சொல்வது மாதிரி. பேச்சுக்கு ஒரு அளவு உண்டு. இருபது முப்பது பேர், ஒரே பாடம், ஏறக்குறைய ஒரே வகுப்பு. அதற்கு மேல் போனால் அது பொதுக்கூட்டம்.

இந்த அளவில் செய்து பார்த்தவர்களும் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனம், எம்.ஐ.டி., டாடா டிரஸ்ட்ஸ் மூன்றும் சேர்ந்து 2015-ல் தொடங்கிய 'கிளிக்ஸ்' என்ற திட்டம் ராஜஸ்தான், சத்தீஸ்கர், தெலங்கானா, மிசோரம் மாநிலங்களின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. ஆசிரியர்களுக்கான படிப்பு ஒரு தளத்தில், பேச்சு டெலிகிராம் குழுக்களில். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று பாடவாரியாகக் குழு. வகுப்பில் செய்ததைப் படம் எடுத்துப் போடுவார்கள். பல்கலைக்கழக ஆட்களும் அதே குழுவில் இருப்பார்கள். அந்தத் திட்டத்துக்கு யுனெஸ்கோவின் 2017-க்கான விருதும் கிடைத்தது. கவனிக்க வேண்டியது, பேச்சை எல்.எம்.எஸ்.ஸுக்குள் இழுத்து வராமல், ஆசிரியர் கையில் ஏற்கெனவே இருந்த செயலிக்கு அவர்களே போனார்கள் என்பது. லாகின் மறந்துபோச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இதைப் பார்த்து உடனே ஒரு அதிகாரி, "இனி ஒவ்வொரு ஆசிரியரும் வாரம் மூன்று பதிவு கட்டாயம்" என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. "அருமையான கருத்து ஐயா", "மிகவும் பயனுள்ளதாக இருந்தது, நன்றி", மூன்றாவது பதிவுக்கு ஒரு பூ. அந்த வாரமே 'பதிவு மாதிரிகள்' பி.டி.எஃப். வந்துவிடும் :-)

ஆக, எதை எண்ணுவது என்று மாற்றினால் மட்டும் போதாது. ஒரு ஆள் வேண்டும். குழுவில் வருகிற கேள்வியைப் பிடித்து, "போளூர்ப் பக்கம் ஒரு சார் இதையே வேற மாதிரி செஞ்சார், கேட்டுப் பார்க்கலாமா?" என்று கோத்துவிடுகிற ஆள். அப்படிப்பட்ட பதவி ஏற்கெனவே இருக்கிறது, வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர். அவர்களுடைய வேலையே இதுதான். ஆனால் பல இடங்களில் அவர்கள் நாள் முழுக்க அந்த 'முடிக்காதவர் பட்டியல்' தயாரிப்பதில் இருக்கிறார்கள். பட்டியலை மென்பொருளே போட்டுக்கொள்ளும். கோத்துவிடும் வேலைக்குத்தான் மனிதர் வேண்டும். நடப்பது தலைகீழ்.

இன்னொன்று நேரம். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் தொடர் பணித்திறன் மேம்பாடு என்கிறது. அந்தக் கொள்கையைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் சரி, அந்த 50 மணி நேரம் எந்த நேரத்திலிருந்து வரும் என்று கேட்டாக வேண்டும். இரவு ஒன்பதரைக்குப் பிறகென்றால் அது பயிற்சி இல்லை, ஓவர்டைம். அதுவும் பெண் ஆசிரியைகளின் தலையில் கூடுதலாக விழும் ஓவர்டைம். பழைய பி.ஆர்.சி. பயிற்சிக்குப் போனால் 'ஆன் டியூட்டி' உண்டு. இணையப் பயிற்சி வந்ததும் அந்தப் பகல் நேரம் சத்தமில்லாமல் காணாமல் போனது. வாரத்தில் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே இதற்கென்று ஒதுக்கினால் ஒழிய, பையன்தான் விடை தட்டிக்கொண்டிருப்பான்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. பயம். "என் வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு இன்னும் வகுத்தல் வரவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒரு ஆசிரியர் எழுத வேண்டுமென்றால், அதைப் படித்துவிட்டு யாரும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரும் தலைமை ஆசிரியரும் இருக்கும் குழுவில் எந்த ஆசிரியரும் அதை எழுதமாட்டார். மரத்தடி டீயில் சொல்வார். அங்கே பதிவேடு கிடையாது. எல்.எம்.எஸ்.ஸில் எல்லாமே பதிவேடு, யார் எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது உட்பட. மூடிலில் 'தனித்தனிக் குழுக்கள்' என்று ஒரு வசதி உண்டு, ஒரு குழு எழுதுவது அடுத்த குழுவுக்குத் தெரியாது. ஆனால் தளத்தின் நிர்வாகிக்கு எல்லாம் தெரியும். அந்த நிர்வாகி யாராக இருப்பார், அவர் பார்த்ததை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, சேரும்போதே ஆசிரியர் கையில் கொடுத்துவிடலாம். அதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை.